பெரியவர் படுத்துவிட்டார், அத்தை ஃபோனை எடுக்கவும்

அத்தை, மூச்சு விடாம சொல்றேன் கேட்டுக்கோங்க, நீங்க அப்பாவுக்கு வாங்கிக்கொடுத்த ஃபிரிட்ஜ் இன்னைக்குக் காலையில நின்னுபோச்சு, நிஜமாவே நின்னுபோச்சு, அதனால நீங்களும் அப்பாவும் இனிமே பேசிக்கலாம்!!!

சரி. இப்போது மரியாதையாக ஆரம்பிக்கிறேன்.

பேரன்பும் பெருமதிப்பும் கொண்ட அத்தை அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. இங்கே ஃபிரிட்ஜைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும், மாமாவும், நீங்கள் ஓட்டும் துறைமுகத்துக் கிரேனும் நலமா? காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மேலே ஏறாதீர்கள் என்று அம்மா சொல்லச் சொன்னதாக நானாகவே எழுதிக்கொள்கிறேன், ஏனென்றால் இந்தக் கடிதம் அம்மாவுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியவே கூடாது. குடும்ப குரூப்பில் எழுதலாம் என்றால் நீங்கள்தான் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டீர்கள். வாய்ஸ் நோட் அனுப்பலாம் என்றால் எங்கள் வீட்டுச் சுவர் அப்பளம் மாதிரி, தும்மினால்கூட அடுத்த அறையிலிருந்து 'தலையைத் துவட்டு' என்று குரல் வரும். அதனால் பின்பக்கப் படிக்கட்டில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கட்டைவிரலால் மின்னஞ்சல் எழுதுகிறேன். கடிதம் எழுத எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானே வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. முதலில் நலம் விசாரி, பிறகு விஷயத்துக்கு வா என்றார்கள். விசாரித்தாயிற்று. வருகிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இதை நீங்கள் மாமாவுக்கும் படித்துக் காட்ட வேண்டும், அவருக்கு முழுக்கதை தெரியாது என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன். மாமா, கேட்டுக்கோங்க. அத்தை வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக்கொடுத்தார். வெளிர்ப் பச்சை. கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தூக்கி, பிறகு இழுத்தால்தான் திறக்கும், நேராக இழுத்தால் முறைத்துக்கொண்டு நிற்கும். ஓட ஆரம்பிக்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும், உச்சியில் இருக்கிற கண்ணாடி ஜாடி எல்லாம் கிணுகிணு என்று ஆடும். நிற்கும்போது ஒரு பெருமூச்சு விடும். எங்கள் வீட்டில் அதை ஃபிரிட்ஜ் என்று யாரும் சொல்வதில்லை. பெரியவர். 'பெரியவர் இன்னைக்கு ரொம்ப முனகுறார்', 'பெரியவர் வாயைத் திறந்து வெச்சுட்டுப் போனது யாரு' என்றுதான் பேச்சே. அம்மா ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பதால் பெரியவர் வயிற்றுக்குள் இருக்கும் எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டியிருக்கும். எலுமிச்சம்பழத்துக்குக்கூட வந்த தேதி உண்டு.

அப்புறம் அந்த ஃபோன் கால். நான் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை, சமையலறைத் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்பீக்கரில் நீங்கள்.

"அண்ணே, பின்னாடி என்ன லாரி ஓடுற மாதிரி சத்தம்?"

"அது பெரியவர். உன் ஃபிரிட்ஜ்."

"இன்னுமா அதை வெச்சிருக்கே? தூக்கிப் போடுண்ணே. நான் புதுசு ஒண்ணு அனுப்பறேன். தொட்டாலே கதவு திறக்கும், கரண்ட்டும் இதுல பாதிகூட இழுக்காது."

"நீ கொடுத்ததை என்னையே தூக்கிப் போடச் சொல்றியா?"

"கொடுத்தவ நான்தானே, நான்தானே சொல்றேன்!"

"இப்ப வர்றதெல்லாம் ஒரு சாமானாம்மா? பக்கத்துல நின்னு தும்முனா போர்டு போயிடுது. இது உழைக்கும். நான் இருக்கிற வரைக்கும் உழைக்கும்."

"அப்போ நான் அனுப்பறது உனக்கு வேணாம். அப்படித்தானே?"

"நீ அனுப்பினதுதான் வேணும்னு சொல்றேன்!"

"சரிண்ணே. அது கெட்டுப்போற அன்னைக்கு என்னைக் கூப்பிடு. அதுவரைக்கும் கூப்பிடாதே."

"கெடவே கெடாது. பார்த்துக்கோ!"

டொக். அவ்வளவுதான். இரண்டு பேருமே பாசத்தில்தான் கத்தினீர்கள், தரையில் கிடந்த எனக்கே தெரிந்தது. ஆனால் கணக்கு எப்படி விழுந்தது பாருங்கள். அது கெட்டால்தான் அப்பா உங்களைக் கூப்பிடலாம். அது கெடாது என்று சொன்னவரும் அப்பா. தானே கயிறு திரிச்சு, தானே கட்டிக்கிட்டு, முடிச்சு நல்லா இறுகியிருக்கான்னு தானே இழுத்தும் பார்த்துட்டு உட்கார்ந்திருக்கார் மனுஷன்.

அப்பா டிரைவிங் ஸ்கூலில் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறவர் இல்லையா, அவர் பக்கத்து சீட்டுக்கும் ஒரு ப்ரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிய வலது கால், வீட்டிலும் பயம் வந்தால் தரையை மிதிக்கும். அம்மா கத்தியை வேகமாக ஓட்டினால் மிதிப்பார். டிவியில் குழந்தை நடை பழகினால் மிதிப்பார். எங்கேயாவது ஒரு கிரேனைக் காட்டிவிட்டால் போதும், அத்தை, கால் அப்படியே தரையில் அழுந்தி நிற்கும், எடுக்கவே மாட்டார்.

இப்போது என் பங்கு. நான் 'பழசு பலசாலி' என்று ஒரு பக்கம் நடத்துகிறேன். உங்களுக்குத் தெரியாதது போல நடிக்க வேண்டாம், பெயரே இல்லாமல், படத்துக்கு ஒரு கிரேனை வைத்துக்கொண்டு என் எல்லா வீடியோவுக்கும் முதல் ஆளாக ஹார்ட் போடுவது யார் என்று எனக்குத் தெரியும். அதில் நாயகன் பெரியவர்தான். 'இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்லை!' என்பது என் பக்கத்தின் தாரக மந்திரம். சும்மா சொல்லவில்லை அத்தை, என் கண்ணெதிரே புதுசு எல்லாம் எப்படிப் போச்சுன்னு பாருங்க, என் காது மாட்டிகள் ஒரு காது மட்டும் செத்து, நான் ஒரு வருஷம் தலையைச் சாய்ச்சே பாட்டுக் கேட்டேன், மாடி வீட்டு அக்காவோட துணி துவைக்கிற மெஷின் அப்டேட் கேட்டு அடம்பிடிச்சு நனைஞ்ச துணியோட கதவைப் பூட்டிக்கிட்டு ராத்திரி பூரா திறக்கவே இல்லை, என் தோழியோட கெட்டில் சுடுதண்ணி வைக்கிறதைத் தவிர எல்லாம் பண்ணுது, வணக்கம் சொல்லுது, கலர் மாறுது, தண்ணி மட்டும் பச்சைத் தண்ணி. ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனால் எல்லாரும் ஒரே வசனம்தான்: "இதைத் திறக்கவே முடியாதும்மா, ஒட்டி அனுப்பியிருக்கான். புதுசு வாங்கிடு." இதையெல்லாம் நான் கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் ஜனங்கள் கைதட்டுகிறார்கள். கூடவே ஒருத்தர் வந்து, 'தங்கச்சி, உழைக்கிற பழசை மட்டும் காட்டுறியே, உழைக்காத பழசெல்லாம் எங்கே போச்சு?' என்று கேட்டார். வாயை அடைக்கலாம் என்று பழைய இரும்புக் கடைக்கு நேரலை போனேன். உள்ளே போனால், அத்தை, ஃபிரிட்ஜ் மலை. எல்லாம் பெரியவர் வயசு. எல்லாம் செத்தவர்கள். ஒன்றில் பெரியவருடைய அதே கைப்பிடி. 'சிக்னல் சரியில்லை நண்பர்களே' என்று சொல்லி நேரலையை அணைத்துவிட்டேன். அன்றைக்கு வந்ததிலிருந்து பெரியவர் குலுங்கும்போதெல்லாம் ஓடிப்போய் அவர் முதுகில் கை வைத்துப் பார்க்கிறேன்.

இப்போதுதான் இன்றைய காலைக்கு வருகிறேன். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள்.

அப்பா பாலை எடுக்கப் பெரியவரின் கைப்பிடியைத் தூக்கி இழுத்தார். உள்ளே விளக்கு எரியவில்லை. அப்பா கதவை மூடித் திறந்தார். எரியவில்லை. அப்போதுதான் எங்களுக்கு ஒன்று உறைத்தது: வீடு அமைதியாக இருந்தது. நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டில் அமைதி என்ற ஒன்றைக் கேட்டதே இல்லை என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. தெருவில் போகிற சைக்கிளின் சங்கிலிச் சத்தம்கூடக் கேட்கிறது. நல்லவேளை, பாலைத் தவிர உள்ளே எதுவும் இல்லை.

"ஓய்வு எடுக்குது," என்றார் அப்பா.

"ஏங்க, மெஷின் எங்கேயாவது ஓய்வு எடுக்குமா?" என்றாள் அம்மா.

"இத்தனை வருஷமா ஓடுதே, எடுக்கக்கூடாதா? ஸ்டெபிலைசர்ல பச்சை லைட் எரியுது பாரு. கரண்ட் வருது. அதுவா எழுந்திரிக்கும்." பெரியவர் உச்சியில் கையை வைத்து, காய்ச்சல் பார்க்கிற மாதிரி நின்றார். கால் ப்ரேக்கில்.

கொஞ்ச நேரம் காத்திருந்தோம். எழுந்திரிக்கவில்லை. அப்புறம் ஒரு விநோதம் நடந்தது. அம்மா, "துணி காயுதான்னு பார்த்துட்டு வரேன்" என்று மொட்டை மாடிக்குப் போனாள். அப்பா, "டயர்ல காத்து இருக்கான்னு பார்க்கிறேன்" என்று வாசலுக்குப் போனார். நான், "நோட்ஸ் கேட்கணும்" என்று குளியலறைக்குப் போனேன். குளியலறையில் நின்று நான் கூப்பிட்ட நம்பர் பிஸி. திரும்ப அடித்தேன். பிஸி. வெளியே வந்தால் அப்பாவும் ஃபோனை முறைத்துக்கொண்டு வருகிறார், "டயர் கடைக்காரன் லைனே கிடைக்கலை" என்று. அம்மா மட்டும் நிதானமாக இறங்கி வந்தாள். துணி காய்ந்துவிட்டதாம்.

சற்று நேரத்தில் அழைப்பு மணி. மூன்று பேரும் ஓடிப்போய்க் கதவைத் திறந்தோம். வாசலில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். பையும் கையுமாக.

"யாருங்க நீங்க?" என்றார் அப்பா.

"யாரு வேணும் உங்களுக்கு?" என்றேன் நான்.

மெக்கானிக் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பரீட்சையில் ஒரே கேள்விக்கு மூன்று பதில் தெரிந்த பையன் மாதிரி விழித்தார். "நான்... ஃபிரிட்ஜ் பார்க்கிறவன். இந்தப் பக்கமா வந்தேன். புதுசுங்க."

"புதுசா?"

"இந்த வீட்டுக்குப் புதுசு."

எங்கள் வாசற்படி உயரம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும், வருகிறவர்கள் எல்லாரும் தடுக்கி விழுந்து, அப்புறம்தான் நலம் விசாரிப்பார்கள். இவர் கீழே பார்க்காமலே அதைத் தாண்டினார். தாழ்வான அலமாரிக்கு முன்னால் தலையைக் குனிந்தார். சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து ஸ்டூலை எடுத்துப் போட்டுக்கொண்டு, கையை நீட்டினார்.

"பாப்பா, அந்தக் கோணல் ஸ்க்ரூ டிரைவர் இன்னும் மூணாவது டிராயர்லதானே இருக்கு?"

அப்பா திரும்பினார். "மூணாவது டிராயர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எல்லா வீட்லயும் மூணாவதுதாங்க."

"ஆமாங்க, எல்லா வீட்லயும் மூணாவதுதான்," என்றாள் அம்மா.

"ஸ்டாண்டர்டுப்பா," என்றேன் நான்.

அவர் பெரியவரைச் சுவரிலிருந்து தள்ளி, பின்னால் போய்க் குனிந்தார். டார்ச் வெளிச்சம் மட்டும் அங்கும் இங்கும் ஆடியது. பழக்கதோஷம், வேலை செய்துகொண்டே தனக்குத் தானே பேசுகிறவர் அவர். "ரிலே நல்லாத்தான் இருக்கு... போன மழைக்குத்தானே போட்டது... தெர்மோஸ்டாட்டும் நம்மளுதுதான்..."

"என்ன நம்மளுது?" என்றார் அப்பா. "இதுல யாரும் கை வெச்சதே இல்லைங்க. அப்படியே கடையில இருந்து வந்தது. ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்லை. என் பொண்ணு அதைத்தான் ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா."

பெரியவருக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. நிற்காத இருமல். அம்மா தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"சார், என்னால இதுக்கு மேல முடியலை. இந்த வீட்ல யாருக்கு எதைச் சொல்லக்கூடாதுன்னு ஞாபகம் வெச்சு ஞாபகம் வெச்சே எனக்கு முடி கொட்டிப்போச்சு."

அப்புறம் கொட்டினார் பாருங்கள், அத்தை. தெர்மோஸ்டாட்டை மாற்றியது அப்பா, எங்கள் இருவரையும் செருப்பு வாங்க அனுப்பிவிட்டு. அவர் ஃபோனில் மெக்கானிக்கின் பெயர்தான் 'டயர் கடை'. கதவு ரப்பரை மாற்றியது அம்மா, அப்பா மாலை வகுப்புக்குப் போன நேரத்தில். அம்மா ஃபோனில் அவர் 'தண்ணி கேன்'. ரிலேயை மாற்றியது நான், 'ஷூட்டிங் நடக்குது, யாரும் சமையலறைக்கு வரக்கூடாது' என்று கதவைச் சாத்திக்கொண்டு. என் ஃபோனில் அவர் 'கணக்கு டீச்சர்'.

"நீயுமா?" என்றார் அப்பா அம்மாவிடம்.

"நீங்களுமா?" என்றாள் அம்மா அப்பாவிடம்.

"நீயுமாடி?" என்று இரண்டு பேரும் என்னிடம்.

"ஏம்மா நீ பண்ணே?" என்றேன் நான்.

"கெட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா உங்கப்பா உடைஞ்சு போயிடுவாரேன்னுதான்."

"நீங்க ஏன்ப்பா?"

"நான்தான் கெடாதுன்னு சொல்லிட்டேனே!"

என்னை ஏன் என்று யாரும் கேட்கவில்லை. என் வீடியோவைப் பார்க்கிறவர்கள் கூட்டம் ஒரு காரணம்தான், மறைக்கவில்லை. ஆனால் அந்த இரும்புக் கடை மலைக்குப் பக்கத்தில் பெரியவரை நினைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை, அதுவும்தான்.

அப்பா மெல்லக் கேட்டார்: "சரிங்க. மேல மேலதானே மாத்தியிருக்கோம். கம்ப்ரஸர் பழசுதானே? அதுதானே உயிரு? அது அப்படியேதானே இருக்கு?"

மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"நான் இல்லை," என்றாள் அம்மா. "நானும் இல்லைப்பா," என்றேன் நான். இரண்டு பேரும் அப்பாவைப் பார்த்தோம். அவர் கையை விரித்தார்.

"நீங்க எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தீங்க," என்றார் மெக்கானிக். "சாவி மாடி வீட்ல. எனக்கு ஒரு ஃபோன் வந்துச்சு. பின்னாடி ஒரே காத்து, இரும்புச் சத்தம், எங்கேயோ உசரத்துல நின்னு பேசுற மாதிரி. அந்தக் காலத்துல இந்த ஃபிரிட்ஜை வண்டியில கொண்டாந்து இறக்கினவனே நான்தானுங்களே, என் நம்பர் அவங்ககிட்ட இருந்திருக்கு. 'பொண்ணு போட்ட வீடியோவுல சத்தம் கேட்டேன், கம்ப்ரஸர் கடைசி மூச்சு விடுது, எனக்கு மெஷின் சத்தம் தெரியும், உடனே மாத்திடுங்க'ன்னாங்க. எதுக்குங்க, புதுசு வாங்கிக் கொடுத்துடலாமேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னா?" அப்பா ஒரு அடி முன்னால் வந்தார்.

"'அது நின்னுச்சுன்னா எங்க அண்ணன் தோத்த மாதிரி ஆயிடும். அவரு தாங்க மாட்டாரு. அவருக்குத் தெரியாம பாருங்க'ன்னாங்க."

அத்தை. ஏன் அத்தை? கெட்டால் கூப்பிடு என்று சொன்னதும் நீங்கள்தான், அது கெடாமல் பார்த்துக்கொண்டதும் நீங்கள்தானா? நாலு பேர், நாலு பக்கமிருந்து, ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், அந்த ஃபிரிட்ஜை விழாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறோம். அது விழுந்திருந்தால் என்றைக்கோ நீங்கள் இருவரும் பேசியிருப்பீர்கள்! நம்ம நாலு பேரோட பாசம்தான் உங்க ரெண்டு பேர் பேச்சையும் நிறுத்தி வெச்சிருக்கு. இதைவிட முட்டாள் குடும்பம் ஒண்ணு இருந்தா எனக்கு லிங்க் அனுப்புங்க.

மெக்கானிக் எழுந்து இடம் கொடுக்க, அப்பா அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது. பிறகு மெதுவாக, ரொம்ப மெதுவாக, மேலே எழும்பியது. "வாலு," என்றார். நீங்கள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது உங்களைக் கூப்பிட்ட பெயர் என்று அம்மா பிறகு சொன்னாள். நான் எங்கள் வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை.

அம்மாதான் கேட்டாள்: "சரி, இப்ப என்னதான் ஆச்சு அதுக்கு?"

மெக்கானிக் அம்மாவைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், மறுபடி அம்மாவைப் பார்த்தார். "இனிமே இது எழுந்திரிக்காதுங்க, மேடம்," என்றார், நாடகத்தில் ராஜா இறந்த செய்தி சொல்கிற சேவகன் மாதிரி. பையை அள்ளிக்கொண்டு கிளம்பியவர், வரும்போது பார்க்காமலே தாண்டிய அதே வாசற்படியில் போகும்போது தடுக்கி விழப் பார்த்தார். பாவம், அவருக்கும் மனசு கேட்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஆக, கெட்டுப்போச்சு. நிபந்தனை நிறைவேறிவிட்டது. அப்பா உங்களைக் கூப்பிடலாம். கூப்பிட்டாரா? இல்லை! "எந்த முகத்தை வெச்சுக்கிட்டுக் கூப்பிடுறது?" என்கிறார். "உழைக்கும் உழைக்கும்னு கத்தினேன். பார்த்தா பழசுல மிச்சம் வெறும் பெட்டியும் கைப்பிடியும்தான். அவ சொன்னதுதான் சரியாப்போச்சு."

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நான் இப்போது ஒரு வீடியோ போட வேண்டும், 'ஒரு தடவைகூட ரிப்பேர் ஆனதில்லை' என்று இத்தனை நாள் சொன்னது பொய் என்று. போடுவேன். ஆனால் இன்னொன்றும் சொல்வேன். பழசு தானாக உழைக்கவில்லை, சரி. திறக்க ஒரு ஸ்க்ரூ இருந்தது, மாற்ற ஒரு ரப்பர் கிடைத்தது, அதனால் நாலு பேர் விடாமல் உழைக்க முடிந்தது. என் காது மாட்டி செத்தபோது எனக்கும் அழுகையாகத்தான் வந்தது, அதையும் காப்பாற்றியிருப்பேன், ஆனால் உள்ளே போக வழியே வைக்கவில்லையே. புதுசு மேல் எனக்குக் கோபமே அதுதான், அத்தை. பாசம் காட்ட ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

வாளி உறுத்துகிறது, சீக்கிரம் முடிக்கிறேன். இப்போது ஜன்னல் வழியாகப் பார்த்தால் அப்பா பெரியவருக்கு எதிரே நின்று ஒத்திகை பார்க்கிறார்.

"ஹலோ... நான்தான்... கெட்டுப்போச்சும்மா." தலையை ஆட்டிக்கொள்கிறார். "இல்லையில்லை. முதல்ல சாப்பிட்டியான்னு கேட்கணும்." தொண்டையைச் செருமுகிறார். "வாலு... சாப்பிட்டியா?" அவ்வளவுதான், அதற்கு மேல் போக முடியவில்லை, திரும்ப முதலிலிருந்து. ஒரு தடவை நம்பரை அடித்தே விட்டார். மணி போவதற்குள் கால் ப்ரேக்கை மிதித்தது, விரல் கட் பண்ணியது.

அதனால்தான் இந்தக் கடிதம். அவர் முந்த வேண்டும் என்று காத்திருக்காமல் நீங்கள் முந்துங்கள். வீடு அளவு பெட்டியை எல்லாம் அலுங்காமல் தூக்கி வைக்கிற உங்களால் ஒரு ஃபோனைத் தூக்க முடியாதா? உழைப்பது பழசா புதுசா என்ற வழக்கில் இரண்டு பேரும் தோற்றுவிட்டீர்கள் என்று நான் தீர்ப்பு எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். இனி அப்பீல் கிடையாது.

உங்கள் கைக்கும் கண்ணுக்கும் கிரேனின் ஒவ்வொரு நட்டுக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். மாமாவுக்கு என் வணக்கம். உயரத்தில் இருக்கும்போது இதைப் படித்து அழாதீர்கள், கீழே இறங்கி அழவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு அண்ணன் மகள்,
'பழசு பலசாலி' (பெயர் விரைவில் மாறலாம்)

பின்குறிப்பு: அத்தை அத்தை அத்தை. அனுப்புவதற்கு முன்னால் பெரியவரைக் கடைசியாக ஒரு படம் எடுத்து இதோடு இணைக்கலாம் என்று உள்ளே போனேன். அப்பா ஒத்திகைக்கு நடுவில் முகம் கழுவப் போயிருந்தார். பின்பக்கத்தையும் எடுப்போமே என்று எட்டிப் பார்த்தால், ஸ்டெபிலைசரில் பச்சை லைட் எரிகிறது, சரி, ஆனால் பெரியவரின் பிளக் அதில் இல்லை. கீழே தொங்குகிறது. ஒயரை அழகாக மடித்து, அம்மா லேபில் இருந்து கொண்டுவரும் நீல ரப்பர் பேண்டைப் போட்டு வைத்திருக்கிறது.

திரும்பினால் அம்மா. வாயில் விரல்.

"எத்தனை வருஷம்டி பார்த்துக்கிட்டே இருக்கிறது?" என்று கிசுகிசுத்தாள். "அவர் கால் மிதிச்சு மிதிச்சு சாப்பாட்டு மேஜைக்குக் கீழே தரையே தேஞ்சுபோச்சு. போ, போய் உங்கத்தைக்கு அந்த லெட்டரை அனுப்பு."

"லெட்டர் எழுதுறேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜன்னலுக்கு வெளியே வாளியில உட்கார்ந்து, எழுதுறதையெல்லாம் வாய்விட்டுப் படிச்சுக்கிட்டே எழுதினா?"

ஆக, மேலே எழுதியது எல்லாம் செல்லாது. பெரியவர் கெடவில்லை. மெக்கானிக்குக்கு முதலில் லைன் கிடைத்தது யாருக்கு என்று இப்போதுதான் புரிகிறது, அவருக்கு அம்மா கொடுத்த வசனம் 'இனிமே இது எழுந்திரிக்காது' என்ற அந்தக் கடைசி வரி மட்டும்தான், மீதி அவராகவே உடைத்துவிட்டாராம். பெரியவர் வயிறு காலியாக இருந்ததும் தற்செயல் இல்லை, சீட்டு ஒட்டிய எங்கள் எலுமிச்சை எல்லாம் மாடி வீட்டு அக்காவின் பளபள புது ஃபிரிட்ஜில் உட்கார்ந்திருக்கிறது, அங்கே இடமில்லை என்று அந்த அக்கா இப்போதே முனகுகிறார். முறைப்படி பார்த்தால் அப்பா உங்களைக் கூப்பிட இன்னும் உரிமை இல்லை. அதனால் தயவுசெய்து இந்தப் பின்குறிப்பை மட்டும் நீங்க படிக்கலை. சரியா?

ஐயோ, அப்பா வாசல்பக்கம் வந்துட்டார், கையில ஃபோன். அடிக்கிறார். காலைப் பார்க்கிறேன் அத்தை, கால் தரையில இல்லை, தூக்கியே வெச்சிருக்கார். மாமாவைக் கூப்பிடுங்க, கூட வேலை பார்க்கிறவங்க எல்லாரையும் கூப்பிடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க, குரூப்ல திரும்பச் சேருங்க, இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டுங்க. முடிஞ்சதும் அந்தக் கிரேன் படத்துல இருந்தே எனக்கு ஒரு ஹார்ட் அனுப்புங்க, அது வந்ததும் பிளக்கைச் சொருகிடுறோம். மணி போகுது அத்தை. எடுங்க!